சக்கரைக்கு வந்த ரயில், சனத்துக்கு வந்த ரயில்

போன வாரம் சென்னையிலிருந்து என் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம். அறுபது வருஷத்துக்கு முன்னால் மூடிய கிளை ரயில்பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துட்டு நடைபாதை ஆக்கியிருக்காங்க. ரெண்டு பக்கமும் பூச்செடி, சைக்கிளில் போகும் பிள்ளைகள், பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் டீக்கடை. கீழே மருமகன் எழுதியிருந்தான்: "மாமா, எவ்வளவு அழகு பாருங்க. நம்ம ஊர்லயும் ஓடாத பாதையை இப்படி ஆக்கினா டூரிஸ்ட் வருவான். நஷ்டத்துல ரயில் ஓட்டி என்ன பிரயோஜனம்?"

அன்னைக்கு வாழைக்கு முட்டுக் கொடுத்துட்டு வந்த களைப்பு. "சரிடே"ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் படுத்துட்டேன். படுத்தாலும் தூக்கம் வரலை. சொன்னது மருமகன் ஒருத்தன்தான், ஆனா பட்டணத்தில் இருக்கும் பாதிப் பேருக்கு நினைப்பு அதுதான். செத்த ரயில்பாதையைப் பார்த்தா அவங்களுக்குக் கவிதை வருது. எனக்கு எங்க ஆச்சி ஞாபகம் வருது.

ஆச்சி உடன்குடிப் பக்கம் பிறந்தவள். 1938-ல் கல்யாணம் முடிஞ்சு ஸ்ரீவைகுண்டம் வந்தா. எப்படி வந்தான்னு கேட்டா, "ரயில்ல"ம்பா. சின்ன வயசில் நான் நம்பலை. உடன்குடிக்கு ஏது ரயில்? கிழவி திருச்செந்தூர் வண்டியைச் சொல்லுதான்னு நினைச்சேன். "இல்லலே, உடன்குடியிலேயே ஏறினேன். பொம்மை மாதிரி சின்ன வண்டி. திருச்செந்தூர்ல இறங்கி பெரிய வண்டி மாறினோம். ட்ரங்குப் பெட்டிய உங்க தாத்தாவே தூக்கினாவ"ன்னு அடிச்சுச் சொல்லுவா. விவரம் தெரிஞ்ச பிறகுதான் விசாரிச்சேன். கிழவி சொன்னது அத்தனையும் நிஜம்.

திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உடன்குடி, திசையன்விளை. இந்த ஊர்களைச் சேர்த்து ஒரு குறும்பாதை ரயில் ஓடியிருக்கு. குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வேன்னு பேர். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம், மீட்டர் கேஜை விடக் குறுகல். முதல் உலகப் போர் சமயத்தில் போட்டது. போட்டது சர்க்கார் இல்லை. பாரி கம்பெனியின் கையில் இருந்த கிழக்கிந்திய சாராய, சர்க்கரை ஆலைக் கம்பெனி. குலசையில் அவங்களுக்கு ஒரு சக்கரை ஆலை. கரும்பில் சக்கரை எடுக்கலை, நம்ம பனையில் எடுத்தாங்க.

அந்தப் பக்கம் போயிருக்கிறவங்களுக்குத் தெரியும். குதிரைமொழித் தேரி, செக்கச்செவேல்னு மணல், கண்ணுக்கு எட்டின மட்டும் பனை. சீசன் வந்துட்டா விடியக் கருக்கலில் பனையேறி இறக்கின பதநீரை, பெண்டுகள் வெயில் ஏற ஏறக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாங்க. அந்தக் கருப்பட்டியை வாங்கிச் சுத்தம் பண்ணி வெள்ளைச் சக்கரை ஆக்கினான் கம்பெனிக்காரன். சிக்கல் எங்கேன்னா தேரி மணலில். மாட்டு வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் புதையும். மாடு நுரை தள்ளும். ஆலைக்கு வேண்டிய அளவு சரக்கு அந்த வழியில் வந்து சேராது. அதுக்குத்தான் ரயில்.

கவனிச்சீங்களா? திசையன்விளையில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு போட்ட ரயில் இல்லை அது. உடன்குடிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகணும்னு போட்டதும் இல்லை. ஆலை வாய்க்குக் கருப்பட்டி ஊட்டப் போட்டது. கூட ஆளும் ஏறிக்கிட்டது, அவ்வளவுதான். ஆச்சி மாதிரி ஆட்கள் கம்பெனி தயவில் போன பயணிகள்.

1940-ல் வண்டி நின்னு போச்சு. ஊரைக் கேட்டு நிறுத்தலை. போட்டவன் சொத்து, நிறுத்தினான். தண்டவாளமும் போச்சு. ஆச்சிக்கு அப்போ கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். அதுக்கு மேல் பிறந்த வீட்டுக்குப் போகணும்னா திருச்செந்தூரில் இறங்கி வண்டி மாடு பிடிக்கணும், துணைக்கு ஆம்பளை வரணும். விவசாய வீட்டில் எந்த ஆம்பளைக்கு ரெண்டு நாள் ஒழியும்? வருஷத்துக்கு நாலு தடவை போகணும்னு நினைச்சவ, ஒரு தடவை போனதே பெரிசு. அவ அம்மா செத்த செய்தி வந்து இவ போய்ச் சேருமுன்னே எடுத்துட்டாங்க. இதைச் சொல்லும்போது மட்டும் ஆச்சி அழமாட்டா. வெத்திலையை மடிச்சுக்கிட்டே, "ரயில் இருந்தா முகம் பாத்திருப்பேன்"னு சொல்லிட்டு வாயில் போட்டுக்குவா.

கணக்கில் வராத நஷ்டம்னு ஒண்ணு இருக்குன்னு நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை.

இப்போ அடுத்த பாதைக்கு வாரேன். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923 பிப்ரவரியில் ரயில் வந்தது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியா. இது கம்பெனி ரயில் இல்லை. ஜில்லா போர்டு முன்னின்று கொண்டுவந்த பாதை. பட்டணத்து ஆட்களுக்கு ஜில்லா போர்டுன்னா என்னன்னே மறந்திருக்கும். அந்தக் காலத்து மதராஸ் ராஜதானியில் ரயில் வேணும்னு உள்ளூர் சனம் தன் கைக்காசைப் போட்ட கதைகள் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாவில் நிலவரியோடு சேர்த்து ரயிலுக்குன்னு ஒரு வரி வசூல் பண்ணி, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் ரயில் விட்டாங்க. வரி கட்டினது யாரு? வயல் வச்சிருந்தவன். "வெள்ளைக்காரன் ரயில் கொடுத்தான்"னு இனிமேல் யாராவது மேடையில் சொன்னா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

ரெண்டு பாதையும் திருச்செந்தூரில் முட்டி நின்னது. 17 வருஷம் பக்கத்தில் பக்கத்தில் ஓடினது. ஒண்ணு செத்துப் போச்சு, ஒண்ணு நூறு வருஷம் தாண்டி இன்னைக்கும் ஓடுது. சனம் குறைவுன்னா செத்தது? உடன்குடியும் திசையன்விளையும் அன்னைக்கே பெரிய சந்தை ஊர்கள். எனக்குத் தெரிஞ்சு வித்தியாசம் ஒண்ணுதான். ஒரு பாதையின் பேரேடு கம்பெனி மேஜையில் இருந்தது, இன்னொண்ணின் பேரேடு பொது மேஜையில் இருந்தது.

"மாமா, அதுக்காக நஷ்டத்தில் ஓட்டணுமா?"ன்னு மருமகன் கேப்பான். அவன் அனுப்பின இங்கிலாந்துக் கதையையே எடுத்துக்குவோம். அந்தப் பூச்செடிப் பாதை எப்படி வந்ததுன்னு அவனுக்குத் தெரியுமான்னு எனக்குச் சந்தேகம்.

1963-ல் அங்கே பீச்சிங்னு ஒருத்தர் ஒரு அறிக்கை கொடுத்தார். ரசாயனக் கம்பெனியிலிருந்து ரயில்வேக்குத் தலைவரா வந்தவர். 2,363 ஸ்டேஷன்களை மூடணும், ஏறக்குறைய 5,000 மைல் பாதையில் ஆள் ஏத்துவதை நிறுத்தணும்னு சொன்னார். அப்போ போக்குவரத்து மந்திரி எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ், ரோடு போடும் கம்பெனி ஒண்ணைத் தொடங்கினவர்களில் ஒருத்தர். இது தற்செயல்னு நம்புறவங்க நம்பிக்கலாம்.

பீச்சிங் கணக்கு எடுத்த விதம் இருக்கே, அதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்தது, வயித்தெரிச்சலும் வந்தது. 1961 ஏப்ரலில் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், எந்தப் பாதையில் எத்தனை பேர் போறாங்கன்னு எண்ணினாங்க. அங்கே கோடையில்தான் சனம் கடற்கரைக்குப் போகும். ஏப்ரலில் குளிர். அந்த வாரத்தில் எண்ணினா கடலோர ஸ்டேஷன் காலியாத்தானே தெரியும்? இன்னொண்ணு, ஸ்டேஷன் வருமானம்னு எடுத்தது அங்கே வித்த டிக்கெட்டை. லண்டனில் டிக்கெட் எடுத்துக் கடற்கரை ஊரில் இறங்கினா, காசு லண்டன் கணக்கில். கடற்கரை ஸ்டேஷன் 'சம்பாதிக்காத ஸ்டேஷன்'.

இதை அப்படியே திருச்செந்தூருக்கு வச்சுப் பாருங்க. ஆவணித் திருவிழா, மாசித் திருவிழா, கந்தசஷ்டி எல்லாத்தையும் விட்டுட்டு, ஏதாவது ஒரு புரட்டாசி மாசத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒருத்தன் நோட்டை எடுத்துக்கிட்டுத் தலையை எண்ணினா எப்படி இருக்கும்? நடவுக்கும் இடையில், அறுப்புக்கும் இடையில் என் வயலைப் பார்த்து "இவன் சும்மா இருக்கான்"னு எழுதினது மாதிரிதான்.

அங்கே என்ன ஆச்சு? ரயிலை மூடின ஊர்களுக்கு பதிலா பஸ் விடுதோம்னாங்க. பல ஊர்களில் கொஞ்ச வருஷத்தில் பஸ்ஸும் நின்னுது. கிளையை வெட்டினா மரம் தெம்பாகும்னு நினைச்சாங்க. கிளையிலிருந்து வந்து பெரிய வண்டி ஏறினவன், பெரிய வண்டிக்கும் வராம கார் வாங்கிட்டான். எடின்பரோவிலிருந்து தெற்கே போன பாதையை 1969-ல் மூடினாங்க. அதிலேயே ஒரு பகுதியை, கோடி கோடியாச் செலவழிச்சு 2015-ல் மறுபடி திறந்தாங்க. 46 வருஷம் கழிச்சுத் தப்பைத் திருத்தினாங்க. மருமகன் அனுப்பின வீடியோவில் டீக்கடை இருந்தது, இந்தக் கதை இல்லை.

நம்ம ஊரில் மூடுவது வேற மாதிரி. யாரும் அறிக்கை வைக்க மாட்டாங்க. "அகலப் பாதை ஆக்குதோம்"னு சொல்லி வண்டியை நிறுத்துவாங்க, அதோட மறந்துடுவாங்க. மதுரை – போடிப் பாதையை 2010 டிசம்பர் கடைசியில் நிறுத்தினாங்க. தேனிக்கு ரயில் திரும்பினது 2022 மே. போடிக்கு 2023 ஜூன். நிறுத்தினப்போ ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ரயில் வந்தப்போ பிளஸ் டூ தாண்டிட்டு. அதே போடிப் பாதையை ரெண்டாம் உலகப் போரில் ஒரு தடவை பெயர்த்து எடுத்துட்டுப் போய், 1950-களில் திரும்பப் போட்டாங்கங்கிறது தனிக் கதை. நம்ம திருச்செந்தூர்ப் பாதைக்கு நல்ல நேரம், 2008-லேயே அகல வண்டி ஓட ஆரம்பிச்சுட்டு.

ஆனா மூடாமலே மூடுறதுன்னு ஒரு வித்தை இருக்கு. அதைப் பட்டணத்தில் யாரும் பார்க்கலை. கொரோனாவுக்கு நிறுத்தின பாசஞ்சர் வண்டிகளைத் திரும்ப விட்டப்போ 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்'னு பேரை மாத்தினாங்க. வேகம் அதே வேகம், பெட்டி அதே பெட்டி. குறைந்த கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆச்சு. பழைய 10 ரூபாய் திரும்பி வந்தது 2024 பிப்ரவரியில். விமானத்தில் போறவருக்கு அந்த 20 ரூபாய் பெரிசாத் தெரியாது. எங்க பக்கத்தில் ஓலைப்பெட்டியில் கீரையும் முருங்கைக்காயும் சுமந்து நெல்லைக்குப் போய் வித்துட்டு வர்ற ஒரு மதினிக்கு, போக வர 40 ரூபாய் கூடுதல். நாள் முழுக்க உட்கார்ந்து அவளுக்கு நிக்கிறதே எரநூறோ முன்னூறோ. அவ ரயிலை விட்டா. பஸ்ஸில் பெட்டிக்கு லக்கேஜ் கேட்டான், கொஞ்ச நாளில் யாவாரத்தையே விட்டா. இப்போ நூறு நாள் வேலைக்குப் போறா. கட்டணம் குறைஞ்ச பிறகும் திரும்பலை. வாடிக்கை போச்சுங்கா. இனி எவனாவது வந்து எண்ணினா, "இந்த ஸ்டேஷனில் ஏறுறவங்க குறைஞ்சிருக்காங்க"ன்னு எழுதிக்குவான். குறைச்சது யாருன்னு அந்தப் படிவத்தில் கேள்வியே கிடையாது.

நானும் யோக்கியன்னு சொல்ல வரலை. என் வாழைத்தார் ரயிலில் போகலை, குட்டியானையில்தான் போகுது. எங்க அப்பா காலத்தில் இலைக்கட்டை ஸ்டேஷனுக்குச் சுமந்து கார்டு பெட்டியில் ஏத்தினது எனக்கு லேசா ஞாபகம் இருக்கு. இப்போ அப்படி ஏத்தணும்னா ஓடுற ஓட்டத்தில் இலை கிழிஞ்சிடும். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் ஸ்ரீவைகுண்டத்தில் இல்லைங்கிறதும் உங்களுக்குச் சொல்லணும். அது ஆத்துக்குத் தெற்கே புதுக்குடியில் இருக்கு. ஊர் வடகரையில். வடகால் பாசனக்காரன் எனக்கு ஸ்டேஷன் போகணும்னா பாலத்தைத் தாண்டணும். சோம்பல்பட்டு நானே எத்தனையோ நாள் பைக்கை எடுத்துக்கிட்டு நெல்லைக்குப் போயிருக்கேன்.

2023 டிசம்பர் 17 ராத்திரி அந்த ஸ்டேஷன் பேர் உலகத்துக்கே தெரிஞ்சது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பேரோட ஸ்ரீவைகுண்டத்தில் நின்னுட்டு. முன்னால் செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஜல்லியெல்லாம் அடிச்சுட்டுப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குது. வண்டியை நிறுத்தி வச்ச ரயில்வே ஊழியர்கள் இல்லைன்னா அன்னைக்குக் கதையே வேற. கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாங்க. அதுக்குள்ள வெள்ளம் ரோட்டை மூடிட்டு. மிச்சம் ஐந்நூறு பேர் பெட்டியிலேயே. அவங்களுக்குச் சோறு போட்டது யாரு? புதுக்குடி ஆட்கள். தங்க வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிறப்போ, கோவிலில் அடுப்பு மூட்டி, இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டாங்க. நான் போட்டேன்னு சொல்ல மாட்டேன். வடகரையில் நாங்க மொட்டை மாடியில் நின்னுக்கிட்டிருந்தோம். குலை தள்ளின ஆயிரத்து இருநூறு வாழை என் கண்ணு முன்னால் சாய்ஞ்சு போச்சு. பாலத்தைத் தாண்ட வழியில்லை.

அந்த 800 பேரில் பாதிப்பேராவது பட்டணத்து ஆட்கள்தானே? ஸ்டேஷன்னு ஒண்ணு அந்த இடத்தில் இருந்ததால், அதைச் சுத்தி ஊர்னு ஒண்ணு இருந்ததால் சாப்பிட்டாங்க. இந்த ஸ்டேஷனில் அன்றாடம் எத்தனை டிக்கெட் விக்குதுன்னு அன்னைக்கு ஒருத்தரும் கேக்கலை. அடுத்த மாசம் 6-ந்தேதி வரைக்கும் பாதை சரியாகலை. அந்த மூணு வாரத்தில்தான் எங்க ஊருக்கே ரயில் அருமை தெரிஞ்சது.

பழைய கதையை இப்போ ஏன் கிளறுதேன்னா, குலசைக்கு மறுபடி ஒரு ஆலை மாதிரி ஒண்ணு வருது. 2024 பிப்ரவரி 28-ந்தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். இஸ்ரோவின் ரெண்டாவது ராக்கெட் ஏவுதளம், ரெண்டாயிரம் ஏக்கருக்கு மேல். அங்கேயிருந்து விட்டா இலங்கையைச் சுத்தாம நேரா தெற்கே போகலாம், எரிபொருள் மிச்சம், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய விஷயம். நல்லது, நான் குறை சொல்லலை. பக்கத்திலேயே உடன்குடியில் அனல் மின் நிலையம். அதுக்கு நிலக்கரி வரக் கடலில் தனிப் பாலமே கட்டியாச்சு. சக்கரைக்கு ரயில் வந்தது, நிலக்கரிக்குப் பாலம் வந்தது. ராக்கெட்டுக்கு என்ன வேணுமோ அதுவும் வரும்.

திருச்செந்தூரிலிருந்து உடன்குடி, திசையன்விளை வழியா கன்னியாகுமரிக்கு ரயில் கேட்டு இந்தப் பக்கத்துச் சனம் மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ஞ்சு போச்சு. கேக்கும்போதெல்லாம் வர்ற பதில் 'வருமானம் வராது'. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ரயில் ஓடின தடத்துக்கு, இன்னைக்கு வருமானம் வராதாம். நாலு வழிச் சாலைக்கு யாராவது வருமானக் கணக்குப் பார்த்தாங்களா? ரோட்டைப் பார்த்து "நீ லாபமா நஷ்டமா"ன்னு கேக்கிறவன் இல்லை. ரயிலை மட்டும் நிறுத்தி வச்சு மடியைத் தடவிப் பார்ப்பாங்க.

நாளைக்கு ராக்கெட் பேரைச் சொல்லியாவது அந்தப் பாதை வந்தா, நான் முதல் ஆளாப் போய் மாலை போடுவேன். ஆனா வரைபடத்தை விரிச்சு ஒரு இடத்தைத்தான் தேடுவேன். உடன்குடியில் பிளாட்பாரம் உண்டா? காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி, 10 ரூபாய் டிக்கெட், கருப்பட்டிப் பெட்டியோட ஏற இடம், இது இருக்கா? இல்லைன்னா அது இன்னொரு கம்பெனி ரயில். ஏவுதளத்துக்கு வேலை முடிஞ்ச அன்னைக்கு அதையும் பெயர்த்து எடுப்பாங்க. எங்க பேரப்பிள்ளைகள் காலத்தில் எவனாவது பூச்செடி வச்சு வீடியோ போடுவான்.

சென்னையில் இருக்கிறவங்களுக்கு ஒரு வேலை சொல்லுதேன். ஊருக்கு வரும்போது காரை விட்டுட்டு ரயிலில் வாங்க. திருநெல்வேலியில் இறங்கி டாக்சி பிடிக்காதீங்க. திருச்செந்தூர்ப் பாசஞ்சருக்குக் காத்திருங்க. டிக்கெட்டைப் போனில் எடுக்காம கவுண்டரில் எடுங்க, அந்த ஸ்டேஷன் கணக்கில் ஏறட்டும். இறங்குற சின்ன ஸ்டேஷனிலேயே திரும்பிப் போறதுக்கும் டிக்கெட் வாங்குங்க. உங்க தொகுதி எம்.பி. எந்தக் கட்சியோ எனக்குத் தெரியாது, அவருக்கும் ஒரு கடுதாசி போடுங்க. எங்க மனு எங்க ஜில்லாவோட நின்னு போகுது. உங்க மனுவுக்கு டெல்லியில் கொஞ்சம் மதிப்பு இருக்கும்.

இதையெல்லாம் சுருக்கி மருமகனுக்கு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துட்டு. அரை மணி நேரம் கழிச்சு, "உடன்குடிக்கு நிஜமாவே ரயில் இருந்துச்சா மாமா?"ன்னு கேட்டிருக்கான். ஆச்சியோட ட்ரங்குப் பெட்டி இன்னும் எங்க வீட்டு மச்சில் கிடக்கு, விதை நெல் போட்டு வச்சிருக்கேன். பொங்கலுக்கு வா, காட்டுதேன்னு சொல்லியிருக்கேன். செந்தூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுட்டானாம்.